பின்வரிசையில் ஓர் உயர மேசை

போன மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு செயலமர்வு நடந்தது. அமைதியில்லாத பிள்ளைகளை உடல் அசைவின் மூலம் பாடத்தில் கவனம்கொள்ள வைப்பது எப்படி என்பது தலைப்பு. இனி ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் அசைவுக்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டுமாம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியை என்ற வகையில் என்னையும் வளவாளராகப் பேச அழைத்திருந்தார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை ஆசிரியர்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் அசையாமல் இருந்து, பிள்ளைகள் அசைய வேண்டியதன் அவசியத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்வரிசையிலிருந்த அதிகாரி ஒருவர் கண்களை மூடியபடி எல்லாவற்றையும் ஆமோதித்தார்.

எனக்குத் தரப்பட்ட அரை மணித்தியாலம் வரவேற்புரைகளில் கரைந்துவிட்டது. வெளியே வரும்போது சுகந்தினி என் கையைப் பிடித்தாள். பாடசாலையில் என் கணிதப் பகுதிக்குப் புது ஆசிரியையாக வந்து சேர்ந்தவள், இன்று அதே பகுதிக்குத் தலைவி.

"மிஸ், யதுசாவின்ர கதையைச் சொல்லுவீங்கள் எண்டுதான் நான் வந்தனான்."

"அதுக்கிடையில நன்றியுரை வந்திட்டுதே."

"அப்ப எழுதித் தாங்கோ. புதுசா வந்த பிள்ளையள் கேக்கினம். இந்தச் சுற்றறிக்கையை வைச்சு வகுப்பில என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

சுற்றறிக்கைகள் விளங்குவதற்காக அல்ல, கோவையில் இடுவதற்காகவே அனுப்பப்படுகின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு இன்னும் பதவி உயர்வுகள் பாக்கி இருப்பதால் விட்டுவிட்டேன். அவள் கேட்டபடி எழுதுகிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த வகுப்பறை முகாமைத்துவத்தை ஒரு வசனத்தில் அடக்கலாம். உள்ளே ஆளில்லை என்று நினைத்து அதிபர் தாண்டிப்போகும் வகுப்பே நல்ல வகுப்பு. அந்த அளவுகோலின்படி நான் நன்றாகவே தேறினேன். முதல் நியமனம் தோப்பூர். வேளாண்மை வெட்டுக் காலத்தில் பிள்ளைகள் விடியற்காலை வயலில் நின்றுவிட்டு வந்து வகுப்பில் தூங்கினார்கள். அமைதிக்குக் குறைவில்லை, நானும் நல்ல பெயர் எடுத்தேன். அடுத்தது புல்மோட்டை. அங்கே ஒரு தவணை முழுக்கக் கதிரைகள் போதவில்லை. பாதிப் பிள்ளைகள் முறை வைத்துச் சுவரோடு நின்று எழுதினார்கள். அந்தத் தவணைப் பரீட்சையில் என் வகுப்புக்கு அதுவரை இல்லாத புள்ளிகள் வந்தன. அதற்குக் காரணம் என் கற்பித்தல் திறமை என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்த தவணை கதிரைகள் வந்து சேர்ந்தன. என் திறமை பழைய அளவுக்கு இறங்கியது. அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடைசியாகத் திருகோணமலை நகரில், துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள ஒரு பாடசாலை. நான் வகுப்பாசிரியையாக இருந்த எட்டாந்தரம் மேல்மாடியில் இருந்தது. ஒரு பக்கம் வீதியைப் பார்த்த யன்னல்கள், மறுபக்கம் விறாந்தை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வகுப்பிலுள்ள தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். கணித பாடம் இடைவேளைக்குப் பிறகு, கூரைத் தகடு சுடும் நேரத்தில். நேரசூசி தயாரித்தவர் சங்கீத ஆசிரியர், காலைக் குளிர்ச்சியைத் தன் பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்புக்கு நேர் கீழே அதிபரின் அலுவலகம். மேலே யாராவது கதிரையை இழுத்தால் கீழே அவருடைய பேனை நிற்கும். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது உள்ளே போனால் உடனே நிமிரமாட்டார். வாசித்துக்கொண்டிருந்த வரியை முடித்து, அதன் கீழே அடிமட்டத்தை வைத்து, பேனையை மூடி, அதன் பிறகுதான் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தக் கோரிக்கைக்கும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "எந்தச் சுற்றறிக்கை, ரீச்சர்?" காலையில் கையொப்ப இடாப்பில் பிந்தி வருவோருக்கான சிவப்புக் கோட்டை அவரே கீறுவார். எங்களோடு படிப்பித்த அவருடைய மனைவியும் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்ட நாள்கள் உண்டு. அன்று மத்தியானம் அவர் கடையில் சாப்பிட்டார்.

யதுசா சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த பிள்ளை. தகப்பன் சிவராசா கடற்றொழில் செய்பவர். வகுப்பில் அவளைத் தேட வேண்டிய தேவை இருக்காது, எது ஆடுகிறதோ அதில் அவள் இருப்பாள். கதிரையின் பின்னங்கால் இரண்டில் ஊஞ்சலாடுவாள். பேனை மூடியைக் கழற்றிப் பூட்டுவாள். அழிறப்பர் கீழே விழும், எடுக்கக் குனிவாள், குனிந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டு எழும்புவாள். ஒரு நாள் கதிரையோடு பின்னால் விழுந்தாள். வகுப்பே எழுந்து பார்த்தது.

"எனக்கு ஒண்டுமில்லை மிஸ். கதிரைக்குத்தான்" என்றாள்.

மற்ற ஆசிரியர்கள் அவளுக்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். சோக் எடுத்து வா, மணி எத்தனை என்று பார்த்து வா, சேர் நிற்கிறாரா என்று கேட்டு வா. அனுபவமுள்ள எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். அவளும் சந்தோசமாக ஓடினாள். பாடசாலையில் எந்த அலுமாரியின் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பின்னம் தெரியவில்லை. பின்னம் நடந்த நேரத்தில் அவள் சோக் எடுக்கப் போயிருந்தாள்.

ஒரு நாள் பாடம் முடிந்தபின் மறித்துக் கேட்டேன். "ஏன் பிள்ளை, உமக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாதா?"

"ஏலும் மிஸ். ஆனா இருந்தா, இருக்க வேணும் இருக்க வேணும் எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறன். பிறகு நீங்கள் சொல்லுறது காதில விழுகுதில்லை."

அத்தனை வருடம் வாசித்த கல்வி உளவியலில் இவ்வளவு தெளிவான வசனம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

விஞ்ஞான கூடத்தில் ஓர் உயரமான மேசை இருந்தது. கால் ஒன்று சற்றுச் சரிந்ததால் கழிவுப் பொருளாகப் பதியப்பட்டது. அரசாங்கத்தில் கழிக்கப்பட்ட பொருள் விசித்திரமானது. அதைப் பாவிக்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது. அதிபரிடம் போய், அந்த மேசை என் வகுப்புக்கு வேண்டும் என்றேன். வரியை முடித்தார், அடிமட்டத்தை வைத்தார்.

"எந்தச் சுற்றறிக்கை, ரீச்சர்?"

"கழிச்ச சாமானை ஏலம் போடுமட்டும் ஈரம் படாத இடத்தில வைக்கச் சொல்லியிருக்கு சேர். விஞ்ஞான கூடம் ஒழுகுது. என்ர வகுப்பு ஒழுகாது."

சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அடிமட்டத்தை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அது அனுமதி.

மேசையைப் பின்வரிசைக்கும் பின்னால், வீதிப்பக்க யன்னலோரம் போட்டேன். காற்று வரும் இடம் அதுதான். யதுசா விரும்பினால் அங்கே நின்று எழுதலாம், விரும்பினால் தன் கதிரையில் இருக்கலாம். யன்னலில் சாயக்கூடாது, வீதியைப் பார்த்து யாருக்கும் கை காட்டக்கூடாது. வகுப்பில் யாராயினும் கணக்கு முடிந்தால் கையை உயர்த்திக் காத்திருக்காமல் நேரே கரும்பலகைக்கு வந்து ஒரு படியை மட்டும் எழுத வேண்டும். அடுத்த படி அடுத்த பிள்ளைக்கு. இந்த ஒரு படி என்ற விதிதான் முக்கியமானது. முழுக் கணக்கையும் ஒரு பிள்ளை செய்தால் மற்றவர்கள் பார்வையாளர்கள். ஒரு படி மட்டும் என்றால், தன் முறையில் எந்தப் படி வரும் என்று தெரியாததால் எல்லாப் பிள்ளைகளும் கணக்கோடு கூடவே வர வேண்டியிருக்கும்.

கரும்பலகைக்குப் போகும்போது யன்னல்பக்க ஓடையால், அதாவது வரிசையோர நடைவழியால் போய், வரும்போது விறாந்தைப்பக்க ஓடையால் வர வேண்டும். எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும், தோள் இடித்தால் கதை தொடங்கும். ஒரே நேரத்தில் ஒரு வரிசைக்கு மேல் எழும்பக்கூடாது. கதிரையைத் தூக்கலாம், இழுக்கக்கூடாது. சைக்கிள் கடையில் பழைய ரியூப்புகளை வாங்கி வெட்டிக் கதிரைக் கால்களின் அடியில் மாட்டினோம், கீழே அதிபரின் பேனை தடையின்றி ஓடியது. மிஞ்சிய ரியூப்பைச் சில கதிரைகளின் முன்னங்கால் இரண்டுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினேன். கால் ஆட்டும் பிள்ளை அதைக் காலால் அமத்தி அமத்தி எழுதும், சத்தம் வராது. இது எல்லாவற்றையும்விட ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். அசைவு கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். பாடத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டிக் குதிக்க வைத்தால், குதித்த களைப்புத்தான் மிஞ்சும். அதன்பின் நாங்கள் கெஞ்சி இருத்த வேண்டும்.

அந்தத் தவணை யதுசாவுக்குப் பின்னம் வந்தது. மிக அழகாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் என் பாடத்தில் சோக் எடுக்கப் போகவில்லை.

எல்லாச் சுற்றறிக்கையும் தெரிந்த எனக்கு, யாரும் எழுதி வைக்காத ஒரு விதி மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் பாடசாலைகளில் ஒரு பிள்ளை எழும்பி நிற்பதற்கு இரண்டே காரணங்கள்தான். பெரியவர் ஒருவர் உள்ளே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பிழை செய்திருக்க வேண்டும். பாடவேளை முழுக்க நிற்கும் பிள்ளைக்கு முதலாவது காரணம் பொருந்தாது.

சல்லிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரர் தவம், முதலாந்தரச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மத்தியானத்துக்கு முன்பே வந்து, வீதியோர மரநிழலில் நிற்பார். மேலே பார்த்தால் யன்னலில் யதுசா. மறுநாளும் யதுசா. அடுத்த கிழமையும் அதே இடத்தில் யதுசா. அவர் நல்ல மனிதர், சொந்த ஊர்ப் பிள்ளைக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. மீன் வாடியில், கரையோரக் கொட்டிலில் வைத்து, பத்துப் பேர் கேட்கச் சிவராசாவிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை சிவராசா வெள்ளைச் சேட்டுப் போட்டு அதிபரின் அலுவலகத்தில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். மகள் கதவோரம் நின்றாள்.

"ரீச்சர், என்ர பிள்ளை குழப்படிதான். நான் இல்லையெண்டேல்லை" என்று மரியாதையாகத்தான் தொடங்கினார். "பிழை செய்தா ரெண்டு அடி போடுங்கோ. நான் வந்து ஏனெண்டு கேக்கமாட்டன். ஆனா ரோட்டால போறவன் வாறவன் எல்லாம் பாக்க, ஒவ்வொரு நாளும் யன்னலுக்க எழுப்பி வைச்சிருக்கிறது சரியில்லை. பொம்பிளைப் பிள்ளை."

அடிப்பதைத் தடை செய்த சுற்றறிக்கை அதிபரின் தலைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். சிவராசாவும் பார்த்தார்.

"அது தண்டனை இல்லை, ஐயா. அவ நிண்டு படிச்சா நல்லாப் படிக்கிறா. அவதான் விரும்பி நிக்கிறா."

"விரும்பி ஆர் ரீச்சர் நிக்கிறது?"

"நான் சொன்னனான்தானே அப்பா" என்றாள் யதுசா.

"நீ பேசாமல் இரு. பிழை செய்த பிள்ளை வீட்டில வேற எப்பிடிச் சொல்லும்?" அதிபர் பக்கம் திரும்பினார். "சேர், விடுகைப் பத்திரத்தைத் தாங்கோ. மனிசியின்ர தங்கச்சி தையல் படிப்பிக்கிறா. அங்க போகட்டும். நானும் எட்டாம் வகுப்போட நிண்டனான். என்ன கெட்டுப்போனன்?"

யதுசா கதவுச் சட்டத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தையல் இயந்திரத்தின் முன்னால் அவள் எத்தனை நாள் இருப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அங்கே சோக் எடுத்து வரவும் யாரும் அனுப்பப்போவதில்லை.

அதிபர் தகப்பனையும் மகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையை நிக்க வைச்சுப் படிப்பிக்கலாமெண்டு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு, ரீச்சர்?"

"கதிரையில இருத்தித்தான் படிப்பிக்க வேணுமெண்டு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு, சேர்?"

அவர் பேனையைத் திறந்தார், மறுபடி மூடினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. சிவராசாவைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஐயா, பத்திரம் எழுத நாள் எடுக்கும். பாடப் புத்தகங்கள் திருப்பித் தர வேணும். நூலகத்தில, விளையாட்டுப் பகுதியில ஒண்டும் நிலுவை இல்லையெண்டு ஒப்பம் வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கோ. அதுவரைக்கும் பிள்ளை ஒழுங்கா வர வேணும்."

"நிக்க வைக்கமாட்டீங்கள்தானே?"

"நீங்கள் வேண்டாமெண்டா நிக்கமாட்டா."

தகப்பனும் மகளும் போனபின் அவர் அடிமட்டத்தைக் கையில் எடுத்தபடி சொன்னார். "ரீச்சர், நூலகத்தில அந்தப் பிள்ளையின்ர பேரில புத்தகம் ஏதும் நிலுவையில இருக்குமோ?"

"அவ நூலகத்தில புத்தகம் எடுத்ததே இல்லை, சேர்."

"இருக்கும். வடிவாத் தேடச் சொல்லுங்கோ."

அரசாங்க அலுவல்கள் மெதுவானவை என்று குறை சொல்பவர்கள், அந்த மெதுவை நல்ல காரியம் ஒன்றுக்குப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

தகப்பனுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. யதுசா தன் கதிரையில் இருந்தாள். ரியூப்பை அமத்தினாள், பேனை மூடியைக் கழற்றினாள், பூட்டினாள். முதல் நாளே அழிறப்பர் விழத் தொடங்கியது. பின்னால் உயர மேசை வெறுமையாக நின்றது. நகைக்கடைக்காரரின் மகன் ஆரணன் கையை உயர்த்தினான்.

"மிஸ், அவ நிக்கேல்லையெண்டா நான் நிக்கட்டோ?"

"உமக்கு என்னத்துக்கு?"

"அங்க காத்து வருது மிஸ்."

காரணம் நியாயமாக இருந்தது. அடுத்த நாள் நாலைந்து பேர் கேட்டார்கள். முறை வைத்தேன். ஒரு கிழமைக்குள் அந்த மேசைக்காக இடைவேளையில் பேரம் நடந்தது. ஒரு மாம்பழத் துண்டுக்கு அரைப் பாடவேளை என்பது விலை. தண்டனை வேண்டுமென்று கேட்டு வரிசையில் நின்ற வகுப்பை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தவம் கீழே மரநிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலில் ஒரு நாள் நகைக்கடைக்காரரின் மகன். மறுநாள் கோயில் தர்மகர்த்தாவின் பேத்தி. அதற்கடுத்த நாள் வங்கி முகாமையாளரின் மகள். மீன் வாடிக்குப் புதிய செய்தி போனது: "மேல இருக்கிற கணக்கு ரீச்சருக்குத் தலையில ஏதோ பிழை. இப்ப பெரிய இடத்துப் பிள்ளையளையும் எழுப்பி விடுறா."

வெள்ளிக்கிழமை சிவராசா வந்தார். அதிபர் அவரை அலுவலகத்தில் இருத்தாமல் நேரே மேலே அனுப்பினார். விடுகைப் பத்திரம் பற்றிக் கேட்டதற்கு, வகுப்பாசிரியையின் ஒப்பம் பாக்கி என்று சொன்னாராம். வகுப்பு வாசலில் ஆளைக் கண்டதும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்தார்கள். "வணக்கம் ஐயா." அவர் திகைத்து நின்றார். அத்தனை தலைகளுக்குள் மகளைத் தேடினார். நான் இருக்கச் சொன்னதும் எல்லோரும் இருந்தார்கள், பின்னால் ஆரணன் மட்டும் நின்றான்.

"இந்தத் தம்பி என்ன பிழை செய்தவர்?" என்று சிவராசா மெல்லக் கேட்டார்.

"கேட்டுப் பாருங்கோ."

ஆரணனுக்குக் காது கூர்மை. "பிழை ஒண்டும் செய்யேல்லை, ஐயா. இண்டைக்கு என்ர முறை. திங்கள் வரைக்கும் வேற ஒருத்தரும் கேக்க ஏலாது."

"உங்கட அப்பாவுக்குத் தெரியுமோ நீர் நிக்கிறது?"

"தெரியும். கடையில அப்பாவும் நிண்டுகொண்டுதானே வியாபாரம் செய்யிறவர்."

வகுப்புச் சிரித்தது. சிவராசா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் கதிரை நுனியில், இரண்டு முழங்காலும் ஆட, கொப்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவள் கொப்பியின் அந்தப் பக்கத்தில் திகதியும் தலைப்பும் மட்டும்தான் இருந்தன. அதை நான் அவரிடம் காட்டவில்லை. அவராகவே எட்டிப் பார்த்தார். பிறகு முந்திய பக்கங்களைப் புரட்டச் சொன்னார். உயர மேசையருகே நின்று எழுதிய நாள்களின் பக்கங்கள் நிரம்பியிருந்தன. எழுத்து கோணல், ஆனால் விடைகளுக்குப் பக்கத்தில் என் சரி அடையாளங்கள் இருந்தன.

கொப்பியை மூடச் சொல்லிவிட்டுப் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இண்டைக்கு ஒரு நாள் விட்டுத் தருவீரோ?" என்று ஆரணனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், யதுசாவைப் பார்த்தான், திங்களும் செவ்வாயும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தான்.

யதுசா எழும்பினாள். கதிரையைத் தூக்கி வைத்தாள், இழுக்கவில்லை. உயர மேசையில் கொப்பியை விரித்து ஒரு காலை மற்றக் காலின்மேல் ஊன்றிக்கொண்டு எழுதினாள். சிறிது நேரத்தில் யன்னல்பக்க ஓடையால் முன்னே வந்தாள். கரும்பலகையில் இருந்த பின்னக் கணக்கில் பகுதியெண்களைப் பொதுவாக்கும் படியை எழுதினாள். சரி. சோக்கை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்து, விறாந்தைப்பக்க ஓடையால், தகப்பனை உரசிக்கொண்டு திரும்பிப் போனாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த கணக்கை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

நான் கதிரை ஒன்று போட்டேன். சிவராசா இருக்கவில்லை. பாடம் முடியும்வரை கதவோரம் நின்றார். மணி அடித்தபோதுதான் பேசினார்.

"ரீச்சர், அந்த மேசையைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப் போட ஏலாதோ? ரோட்டுப் பக்கம் தெரியாத மாதிரி."

நான் வாய் திறக்கு முன் பின்னாலிருந்து பதில் வந்தது. "அங்க காத்து வராது, அப்பா."

அவர் யன்னலைப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்."

"பத்திரத்துக்கு இன்னும் என்ர ஒப்பம் மட்டும்தான் பாக்கி" என்றேன்.

"அது கிடக்கட்டும் ரீச்சர். தையல் எங்க போகப்போகுது? முதல் இதை முடிக்கட்டும்."

படியிறங்கிப் போனார். அடுத்த பாடவேளையும் கணிதமே. யதுசா மேசையை விட்டு அசையவில்லை, ஆரணனும் கேட்கவில்லை. நான் புதிய பயிற்சியை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"மிஸ், அப்பா இன்னும் போகேல்லை."

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே மரநிழலில் தவத்தின் ஓட்டோவுக்குப் பக்கத்தில் சிவராசா நின்றார். ஒரு கையை ஓட்டோக் கூரையில் வைத்து, மற்றக் கையால் எங்கள் யன்னலைக் காட்டி ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். தவம் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். பக்கத்தில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற இரண்டு தாய்மாரும் பார்த்தார்கள். சிவராசா அவர்களுக்கும் காட்டினார்.

"என்னைத்தான் காட்டுறார், மிஸ்" என்றாள் யதுசா.

"அவர் காட்டட்டும். நீர் மூண்டாவது கணக்கைப் பாரும்."